பழைய வெர்ஷன்

சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து ஹரி வந்து நின்றதும் கிளாரா வேலையை நிறுத்திவிட்டு எழுந்தாள். தாராவியில் அவள் எம்பிராய்டரி டிசைன் போடுவது, பன்னிரண்டு வருடம் முன்பு ஒரே தடவையாக வாங்கிய மென்பொருளில். இப்போது எல்லாரும் மாதச் சந்தா கட்டிப் புது ஆப்புக்கு மாற வேண்டுமாம். மாறாதவர்களின் பழைய மென்பொருளை வந்து அழித்துவிடுவார்கள் என்று பேச்சு. அழித்தால் அவள் டிசைன் அத்தனையும் போய்விடும்.

"அக்கா, எங்க பழைய வெர்ஷன் உங்ககிட்ட இருக்கில்ல?"

"அந்த கம்ப்யூட்டரா? போன மழையில தண்ணி ஏறிட்டு, தம்பி. பங்கார் கடையில எடைக்குத் தூக்கிப் போட்டாச்சு."

ஹரி அப்படியே துணிக்குவியல் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"போச்சு. பம்பாய் பூரா தேடிட்டேன் அக்கா. எல்லா கம்ப்யூட்டர்லயும் ஓடற மாதிரி புது ஆப் போட்டோம். அதுல கஸ்டமர்களோட பழைய ஃபைல் ஒண்ணும் திறக்கல. பழசு எங்ககிட்டயே இல்ல; எங்கயாவது ஒண்ணு கிடைச்சாத்தான் மாத்திக் கொடுக்க முடியும்."

"கிடைச்சா அழிச்சிர மாட்டீயளே?"

"அழிக்கறதா? கும்பிட்டு வச்சுக்கச் சொல்லுவோம். உங்களுக்குக் கடைசிவரை சந்தாவே கிடையாது."

கிளாராவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"மெதுவா எந்திரிங்க தம்பி. நீங்க உக்காந்திருக்கதே அது மேலதான்."