முகவரியில் தெரியாத ஊர்

“பொறந்த ஊர் மேல பளிச்சுனு தெரியுது தம்பி. மொதல்ல அதை மறைச்சுடுங்க” என்றார் சுந்தரலிங்கம், திரையில் விரலைக் குத்தி.

கண்டி நகரில் வாடகை அறை பிடித்துக் கொடுக்கும் தரகர் அவர். யுத்தம் மறுபடி மூண்டிருந்த அந்த வருடம், காலத்துக்கு ஏற்றபடி இணையத்தளமும் திறந்திருந்தார். முதல் பக்கத்தில் பெயர், தொழில், பிறந்த ஊர் நிரப்பினால் அடுத்த பக்கத்தில் காலி அறைகள் வரும். நிரப்பியது அத்தனையும் திரையின் மேலே இணைய முகவரி வரியிலும் வால் போல நீண்டு நின்றது.

“நேத்து ஒருத்தர் அந்த வரியைக் காட்டிச் சண்டைக்கே வந்துட்டாரு.”

வராமல் என்ன செய்வார் என்று நினைத்தான், தளத்தைத் திருத்திக் கொடுக்க வந்திருந்த விமலநாதன். அவன் யுத்தம் நடக்கும் வடக்கில், கொக்குவிலில் பிறந்தவன். நெட் கஃபேயில் முதுகுக்குப் பின்னால் நிற்பவன் யாரென்று தெரியாத நாளில், ஊர்ப் பெயரைத் திரையில் வைத்துக்கொண்டு உட்கார யாருக்குத் துணிவு வரும்? அதை மறைக்கச் சொல்லும் தரகருக்கு நல்ல மனசு என்று நெஞ்சு குளிர்ந்தது.

அவனுக்கும் அவசரம் இருந்தது. பொலிஸ் வந்து விசாரித்துவிட்டுப் போன மறுநாளே வீட்டுக்காரர் சனிக்கிழமைக்குள் அறையை விடச் சொல்லிவிட்டார். இந்த வேலை முடிந்த கையோடு தனக்கும் இதிலேயே ஓர் அறை பிடித்துவிட வேண்டும் என்றிருந்தான்.

“ரெண்டாம் பக்கத்தையும் ஒருக்கால் பாக்கட்டே அண்ணை?”

“அது வேற ஆள் செஞ்சது, நல்லா ஓடுது. கை வைக்காதீங்க. தகவல் மறைவாப் போய்ச் சேர்ந்தா போதும்.”

தகவல் எந்த வழியில் வந்தாலும் அடுத்த பக்கம் வாங்கிக்கொள்ளும். ஆகவே விமலநாதன் அனுப்பும் முறையை மட்டும் மாற்றினான். இனி எதுவும் முகவரியில் ஏறாது, உள்ளுக்குள்ளேயே போய்விடும்.

சோதனைக்கு, பெயர் கறுப்பையா, ஊர் பக்கத்துக் கம்பளை என்று சுந்தரலிங்கம் தட்டினார். முகவரி வரி துடைத்த மாதிரி இருந்தது. கட்டுகஸ்தோட்டையில் இரண்டு, பேராதனையில் ஒன்று என்று அறைகள் வந்து விழுந்தன.

“அடடா! இனி ஒருத்தரும் வாய் தொறக்க முடியாது.”

விமலநாதன் ஆசையோடு தன் பெயரையும் கொக்குவிலையும் நிரப்பி அழுத்தினான். ‘அறைகள் எதுவும் இல்லை’ என்று வந்தது. மறுபடி அழுத்தினான், அதுவே வந்தது. வேலையும் கெட்டு அறையும் போயிற்றே என்று அவன் முகம் சுண்டிப்போயிற்று.

“எங்கயோ பிழைச்சுப்போச்சு அண்ணை. நான் அனுப்பினது அங்க போய்ச் சேரேல்லை.”

சுந்தரலிங்கம் குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு கதிரையைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

“சேர்ந்துடுச்சு தம்பி. அதனாலதான் இல்ல.”