பேச்சுத் தேர்வில் ஃபெயில்

"உனக்கு இங்கிலீஷ் வரலையா, இல்ல என்னைப் பாத்தா இளிச்சவாய் மாதிரி தெரியுதா?"

மார்க் ஷீட்டை மேசைமேல் வீசினாள் லோரீன் டீச்சர்.

எதிரே நின்ற ஃபுராஹா தலையைக் குனிந்துகொண்டாள். காங்கோவிலிருந்து கிளம்பி, அகதி முகாமில் வளர்ந்து, அம்மாவுக்குக் கறித் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் அமெரிக்காவில் இந்த அயோவா மாநில ஊருக்கு வந்து சேர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்த பிள்ளைகளுக்கான இங்கிலீஷ் வகுப்பில் இது அவளுக்கு மூன்றாவது வருஷம்.

"எழுதறதுல நல்ல மார்க். படிக்கறதுல நல்ல மார்க். பேச்சுத் தேர்வுல மட்டும் அடியோட ஃபெயில். ஹெட்ஃபோன்ல கேட்ட அத்தனை கேள்விக்கும் 'தெரியாது'ன்னே சொல்லியிருக்கே. ஏன்?"

"பேச வரலை டீச்சர்."

"வரலையா? அப்ப நேத்து கேன்டீன்ல பேசினது யாரு? உன் ஆவியா?"



நேற்று மதியம், அதே வகுப்பில் படிக்கும் ஹோண்டுராஸ் பையன் எல்மர் பேசுவதைப் போலவே பேசிக் காட்டி ஒரு தடியன் கேலி செய்துகொண்டிருந்தான். ஃபுராஹா சாப்பாட்டுத் தட்டைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அவனுக்கு ரெண்டு பாஷை தெரியும். உனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அதுவும் நொண்டுது. போ, போய் உக்காந்து சாப்பிடு!"

கேன்டீனே சிரித்தது. பின்னால் காப்பிக் கோப்பையோடு நின்ற லோரீனுக்கு மனம் பூரித்துப்போனது. அந்தப் பூரிப்புதான் இன்று வயிற்றெரிச்சலாக மாறியிருந்தது.

"இதுல பாஸ் பண்ணியிருந்தா என் வகுப்பை விட்டு வெளியே போயிருக்கலாம். நர்ஸ் பயிற்சியில சேந்திருக்கலாம். அதுக்குத்தானே ஆசைப்பட்டே?"

"ஆமா டீச்சர்."

"அப்புறம் என்ன கேடு உனக்கு?"

"அடுத்த வருஷமும் உங்க கிளாஸ்லயே இருந்துடறேனே."

லோரீனுக்கு ரத்தம் தலைக்கேறியது. இந்த வகுப்பில் வீட்டுப்பாடம் குறைவு, அதட்டல் குறைவு. சொகுசு கண்டுவிட்டாள்!

"உனக்காக நான் பட்ட பாடெல்லாம் வீண். போ வெளியே."

சாயங்காலம் மாணவர் ஆலோசகர் பிரென்னன் வந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு நர்ஸ் பயிற்சியில ஒரு இடம் பிடிச்சு வெச்சிருக்கேன் லோரீன். 'நல்லாப் பேசுவா'ன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மறுபடி தேர்வு வெச்சுடலாம். ரெண்டு வருஷப் படிப்பு. இப்ப விட்டா அப்புறம் கிடைக்காது."

"வேணாம். வேணும்னே ஃபெயில் ஆகறவ நோயாளியை என்னத்தைப் பாத்துக்குவா? காத்துக்கிட்டிருக்கற வேற யாருக்காவது கொடுங்க."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

இடம் வேறொரு பெண்ணுக்குப் போனது.

அதற்குப் பிறகும் ஃபுராஹா ஒரு நாள் தவறாமல் வந்தாள். புதிதாக வந்த குழந்தைகளின் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுத்தாள். லோரீன் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

கோடை விடுமுறைக்கு முந்தைய நாள் எல்மர் விடைபெற வந்தான். அவன் எல்லாவற்றிலும் பாஸ்.

"போயிட்டு வரேன் டீச்சர். இனிமே எல்லாரோடயும் சாதா கிளாஸ்!"

லோரீனும் அன்று சந்தோஷமாக இருந்தாள்.

"அப்பப்ப வந்து எட்டிப் பாருடா. அடுத்த வருஷமும் நான் இங்கேதான். நம்ம கிளாஸை மூடப்போறதா ஒரு பேச்சு இருந்துச்சு. இன்னிக்குத்தான் தலைமை ஆசிரியர் கூப்பிட்டுச் சொன்னார், மூடலையாம். ஒரு ஆள் குறைஞ்சிருந்தாக்கூட மூடியிருப்பாங்களாம்."

"தெரியும் டீச்சர். ஃபுராஹா முன்னாடியே கணக்குப் போட்டுட்டா."

"என்ன கணக்கு?"

எல்மர் நாக்கைக் கடித்துக்கொண்டான். லோரீன் விடவில்லை.

"யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னா... நாங்க ரெண்டு பேருமே பாஸ் பண்ணிட்டா ஆள் பத்தாது டீச்சர். யாராவது ஒருத்தர் நிக்கணும். நான் நிக்கறேன்னுதான் சொன்னேன். 'உன்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாது, மாட்டிக்குவே'ன்னுட்டா."

லோரீன் நாற்காலியிலிருந்து எழுந்தாள். பிரென்னனின் அறைக்கு ஓட வேண்டும் போலிருந்தது. ஓடி என்ன செய்வது? அந்த இடத்தில் சேர்ந்துவிட்ட பெண்ணுக்குச் சீருடைகூடத் தைத்தாகிவிட்டது. மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"இதை... கிளாஸ் மூடறதை... நான் உங்ககிட்ட சொல்லவே இல்லையே எல்மர்?"

"எங்ககிட்ட சொல்லலை. குளிர்காலத்துல ஒரு நாள், நாங்க எழுதிக்கிட்டிருக்கறப்ப ஆள் குறைஞ்சா கிளாஸை மூடிடுவாங்களாம்னு உங்க அக்காகிட்ட போன்ல சொன்னீங்க. இந்த வேலை போயிட்டா வீட்டை வித்துட்டு எங்கே போவேன்னு அழுதீங்க. பசங்க எதிர்லயான்னு அவங்க கேட்டிருப்பாங்க போல. 'இருக்கட்டும், இதுங்களுக்கு என்ன புரியப்போவுது'ன்னீங்க."

லோரீன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

எல்மர் கதவு வரை போய்த் திரும்பினான். பிறகு, அவளைத் தேற்றுவதாக நினைத்து, மெதுவாகச் சொன்னான்:

"எங்களுக்கு எல்லாமே புரிஞ்சுது டீச்சர். நீங்க அவ்வளவு நல்லாச் சொல்லிக் கொடுத்திருக்கீங்க."