ஐந்து வாட்ஸ் போதும்

"இருக்கிறதிலேயே பளிச்சுனு எரியற பல்பு ஒண்ணு கொடுங்க சார்" என்றார் கணவர்.

"அஞ்சு வாட்ஸ் போதும். மஞ்சள்" என்றாள் மனைவி.

கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எந்த ரூமுக்கு?"

"ஹாலுக்கு" என்றார்கள் இருவரும். அந்த ஒன்றில்தான் ஒற்றுமை.

கணவர் பெருமையாக மேஜைமேல் சாய்ந்துகொண்டார். "பத்து நாள் லீவு போட்டு ஹாலுக்கு நானே பெயிண்ட் அடிச்சிருக்கேன் சார். நாளைக்கு சாயங்காலம் மச்சான் வர்றார், இவளோட அண்ணன். எனக்கு ஆணி அடிக்கக்கூடத் தெரியாதுன்னு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கிண்டல் பண்றவர். அவர் வாயைப் பிளக்கணும்!"

"வாயைப் பிளக்க அஞ்சு வாட்ஸ் போதுங்க. கரன்ட் பில் எகிறுது."

கடைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷன் ஆசை ஆசையாகச் செய்திருக்கிறார். இந்தம்மா பல்பில் போய்க் கஞ்சத்தனம் பார்க்கிறாளே!

இருபது வாட்ஸ் வெள்ளை பல்பை மாட்டி சுவிட்சைப் போட்டார். கடையே பளீரென்றானது, கணவர் முகமும்.

"கண்ணு கூசுது" என்றாள் மனைவி.

"மேடம், நீங்க கேட்கற மஞ்சள்தான் விலை ஜாஸ்தி" என்று மடக்கினார் கடைக்காரர்.

"பரவால்ல, கொடுங்க."

கடைக்காரர் குழம்பிப்போனார். கஞ்சம் என்றால் கணக்கு இடிக்கிறதே.

அதற்குள் கணவருக்கு போன் வந்தது. "சொல்லுங்க மச்சான்!" என்றபடி வாசலுக்குப் போனார்.

மனைவி குரலைத் தாழ்த்தினாள். "சார், அந்த வெள்ளை பல்பை ஒளிச்சு வைங்க. ஒவ்வொரு சுவருக்கும் தனித்தனியா கலரை டீஸ்பூன்ல அளந்து கலக்கியிருக்காரு. நாலு சுவரும் நாலு கலர்! அவருக்கு மட்டும் எல்லாம் ஒண்ணாத் தெரியுது. தினமும் சுவரைத் தடவிப் பார்த்துட்டுத்தான் பல்லே தேய்க்கிறாரு. எங்கண்ணன் கேலி பண்ணினா மனசு உடைஞ்சுபோயிடும் சார்."

கடைக்காரர் அவசரமாகப் பல்பைக் கழற்றினார். சூட்டில் கையை உதறிக்கொண்டே மேஜைக்கு அடியில் தள்ளினார்.

கணவர் திரும்பி வந்தார். "வெள்ளை எங்க?"

"ஃபியூஸ் போயிடுச்சு சார். கடைசி பீஸ்." பின்னால் வெள்ளை பல்புகள் அடுக்கியிருந்த அலமாரியை உடம்பால் மறைத்துக்கொண்டு கூசாமல் சொன்னார் கடைக்காரர்.

"போகட்டும் விடுங்க. மச்சான் நாளைக்கு மத்தியானமே வந்துடறாராம். பகல் வெளிச்சத்துலயே பார்க்கட்டும்!" குஷியாக ஸ்கூட்டரை எடுக்கப் போனார்.

கடைக்காரருக்கே வியர்த்துவிட்டது. "மேடம், பல்பை ஒளிச்சு வெச்சேன். சூரியனை எங்க ஒளிக்கிறது?"

அவளுக்குக் கண் கலங்கியது. அப்போது அவள் போனில் ஒரு மெசேஜ் வந்து விழுந்தது. அண்ணன்தான்.

'மாப்பிள்ளை ஹால் போட்டோ அனுப்பியிருந்தாரு. நாலு கலரையும் பார்த்துட்டேன். நாளைக்கு என் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே மறந்துட்டு வர்றேன். அவர்கிட்ட மூச்சு விட்டுடாதே.'