கண் சிவந்த வீடு

“என்னதான் இருந்தாலும் உங்க மருமக சின்னப் பொண்ணுக்கா. கண்ணு இப்படிச் சிவக்கிற அளவுக்கா அழ வைப்பீங்க?”

எதிர்வீட்டுக்காரி கேட்டதும் மாமியாருக்குப் பகீரென்றது. கேட்டவள் சாதாரண ஆளா? தெருவில் அவளுக்கு ‘வானொலி’ என்று பெயர். அவள் காதில் ஒரு சேதி விழுந்தால், அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் கடைசி வீடுவரை போய்ச் சேர்ந்துவிடும்.

“நான் எங்கடி அழ வச்சேன்? அவளுக்குக் கண்ணு அரிக்குது. அதான் சிவந்திருக்கு.”

“சரிக்கா. அரிக்குதுன்னே வச்சுக்குவோம்.”

அந்த ‘வச்சுக்குவோம்’தான் மாமியாரை உறுத்தியது. தெரு மகளிர் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. எந்த வீட்டில் மாமியார் மருமகள் சண்டை என்றாலும் நாற்காலி போட்டு உட்கார்ந்து தீர்ப்புச் சொல்பவள். அடுத்த மாதம் சங்கத் தேர்தல் வேறு வருகிறது. ‘சொந்த மருமகளை அழவிடுறவளுக்கா ஓட்டு?’ என்று நாலு பேர் பேசினால் போதும், நாற்காலி கைவிட்டுப் போய்விடும்.

அன்று மாலையே மருமகளைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா இமையைப் புரட்டி, விளக்கடித்துப் பார்த்தார். “அலர்ஜிதான். தூசி, பூந்துகள், நாய் பூனை முடி, பழைய கண் மை, எதுனால வேணும்னாலும் வரும். வீட்டுல தூசியில ரொம்பப் புழங்குறீங்களா?”

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் மின்விசிறியைப் பார்த்தாள். கூடத்து அலமாரியில் அணிவகுத்து நிற்கும் பீங்கான் பொம்மைகளைத் தினமும் தட்டித் துடைக்கச் சொன்ன புண்ணியவதி யார் என்ற பேச்சு அங்கே எழவில்லை.

“கசக்காதீங்க. கசக்கக் கசக்க அரிப்பு கூடும். குளிர்ந்த தண்ணியில துணியை நனைச்சு, மூடின கண்மேல வைங்க. தலையணை உறையை வாராவாரம் வெந்நீர்ல அலசுங்க. தூசியை ஈரத்துணியால துடைக்கணும், உலர்ந்த துணி ஆகாது. இந்தச் சொட்டு மருந்தை ஃப்ரிட்ஜில வச்சு, காலையில ஒரு சொட்டு, ராத்திரி ஒரு சொட்டு விடுங்க. சரியாயிடும். வலியோ பார்வை மங்கலோ வந்தா உடனே வாங்க.”

“டாக்டர், ஒரு சின்ன உதவி,” என்று மாமியார் நாற்காலி நுனிக்கு வந்தாள். “கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்.”

“என்னன்னு?”

“இது என்னால வரலைன்னு.”

டாக்டரம்மா மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மறுநாள் முதல் வீட்டில் ஆட்சி மாறியது.

“கூட்டினேன் அத்தை, மறுபடி அரிக்குது.”

“துடைப்பத்தைக் குடு இப்படி!”

“சோப்புத்தூள் நெடி ஆகலைபோல அத்தை.”

“வாளியை வை. நான் பாத்துக்கிறேன்.”

“வெங்காயம் நறுக்கினா...”

“தாயே, நீ போய் உட்காரு!”

இப்படித் துடைப்பம், வாளி, கரண்டி எல்லாம் ஒவ்வொன்றாக மாமியார் கைக்கு வந்து சேர்ந்தன. பொம்மைகளும் வந்தன. ஈரத்துணி பட்டால் பொம்மைகளின் தங்கப் பூச்சு போய்விடுமாம். அதனால் மாமியார் உலர்ந்த துணியாலேயே தட்டினாள். “எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது. இது அந்தக் காலத்து உடம்பு!”

மருமகள் சோபாவில் சாய்ந்து, கண்மேல் ஈரத்துணி போட்டுக்கொண்டு கிடந்தாள்.

“மருந்து விட்டியாம்மா?”

“விட்டேன் அத்தை.”

“பின்னே ஏன் சிவப்பு குறையல?”

“அதான் எனக்கும் தெரியல அத்தை.”

வாரம் திரும்புவதற்குள் அந்தக் காலத்து உடம்பின் கண்ணும் அரிக்க ஆரம்பித்தது. சிவந்து, வீங்கி, பொலபொலவென்று நீர் கொட்டியது. மாமியார் தனியாகவே டாக்டரம்மாவிடம் போய், அதே சொட்டு மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பினாள். வாசலில் வானொலி நின்றிருந்தாள்.

“அய்யய்யோ! என்னக்கா இது, கண்ணெல்லாம் ரத்தமா சிவந்திருக்கு?”

“அரிக்குதுடி. அலர்ஜி.”

“என்கிட்டயே மறைக்கிறீங்களே! ஜன்னல் வழியா நானும்தான் பாக்குறேன். நீங்க கூட்டுறீங்க, துவைக்கிறீங்க, ஆக்குறீங்க. அவ மகாராணி மாதிரி சாய்ஞ்சு கிடக்குறா. அன்னிக்கு அவளுக்குப் பரிஞ்சு பேசின என் வாயில அடுப்புச் சாம்பலைத்தான் போடணும். இந்த வயசுல உங்களை அழ வச்சுட்டாளே பாவி! கவலைப்படாதீங்கக்கா, தெருவே உங்க பக்கம். ஓட்டு பூரா உங்களுக்குத்தான்.”

மாமியார் வாயைத் திறந்தாள். ‘அப்படியெல்லாம் இல்லடி’ என்று சொல்லத்தான் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, வாயை மூடிக்கொண்டு, கைக்குட்டையால் கண்ணை ஒற்றி, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள்.

உள்ளே நுழைந்ததும் சோபாவிலிருந்து குரல் வந்தது.

“மருந்து வாங்கினீங்களா அத்தை?”

“வாங்கிட்டேன்மா. ராத்திரி விட்டுக்கிறேன்.”

தேர்தல் முடியும்வரை இந்தச் சிவப்பு இப்படியே இருக்கட்டும் என்று தீர்மானித்தவள், சீல் பிரிக்காத பாட்டிலை ஃப்ரிட்ஜின் அடித்தட்டில், யார் கையும் போகாத மூலைக்குத் தள்ளினாள். ‘டொக்’ என்று எதிலோ முட்டியது. கையை விட்டு எடுத்துப் பார்த்தாள்.

மருமகளின் பெயர் ஒட்டிய அதே சொட்டு மருந்து. அதுவும் சீல் பிரிக்காமலே இருந்தது.