போர்வைக்குள் ஓர் ஆள்

“கத்தரி வந்துட்டான்!”

மூணாவது கூடார வரிசையில் சத்தம் கேட்டதும் சலூன்காரர் சட்டென்று எழுந்தார். போட்டது போட்டபடி தையல்காரர் கூடாரத்துக்கு ஓடினார்.

சண்டைக்குப் பயந்து எல்லை தாண்டி வந்தவர்களின் முகாம் அது. இன்றைக்குத் தலை எண்ணுகிற நாள். ஆள் இல்லையென்றால் ‘ஊர் திரும்பிவிட்டார்’ என்று எழுதிப் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் மாவு போச்சு, மருந்து போச்சு.

எண்ண வந்தவருக்குத்தான் கத்தரி என்று பட்டப்பெயர். சிரிக்கத் தெரியாத மனுஷன். போன முகாமில் பாதிப் பேரை வெட்டியவர் என்று பேச்சு.

“அண்ணே, சீக்கிரம்! அவர் விடியறதுக்குள்ள மூட்டை தூக்கப் போயிட்டார்.” தையல்காரர் மனைவி போர்வையை விரித்துப் பிடித்தாள்.

“என்னை முதல் வரிசையிலயே எண்ணிட்டாங்கம்மா. மாட்டினா என் பேரும் போயிடும். உடம்பெல்லாம் நடுங்குது.”

“நல்லா நடுங்குங்க அண்ணே. காய்ச்சல்னுதான் சொல்லப்போறேன்.”

படுத்தார். வெளியே மேலதிகாரியின் குரல்.

“இந்தப் படத்தைப் பாருய்யா. எந்த நாட்டுல எத்தனை அகதின்னு பத்து வருஷத்துக்குக் கோடு போட்டுக் காட்டியிருக்கான். பக்கத்து நாட்டுக் கோடெல்லாம் இறங்குது. நம்ம கோடு மட்டும் ஏணி வச்ச மாதிரி ஏறுது. மேலிடத்துல என்னை வறுத்து எடுக்கறாங்க. இந்த வருஷம் இறங்கியே ஆகணும்.”

“இறக்கிடலாம் சார்” என்றார் கத்தரி.

போர்வைக்குள் சலூன்காரர் இன்னும் சுருண்டுகொண்டார்.

“வீட்டுக்காரர்?” கத்தரி உள்ளே வந்து கேட்டார்.

“காய்ச்சல் சார்.”

பேனா கிறுக்கும் சத்தம். போய்விட்டார்.

பின்பக்கத் துணியைத் தூக்கிக்கொண்டு சலூன்காரர் அடுத்த கூடாரத்துக்குள் பாய்ந்தார். டீச்சரம்மா அழுதுகொண்டிருந்தாள்.

“பையன் தங்கச்சிக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரி வரிசையில நிக்கறான் அண்ணே!”

பையனுடைய போர்வை குட்டைப் போர்வை. தலையை மூடினால் கால் வெளியே நீட்டிக்கொண்டது. சரிசெய்ய நேரமில்லை. கத்தரி உள்ளே வந்துவிட்டார்.

“யாரு இது?”

“என் பையன் சார். காய்ச்சல்.”

“வயசு?”

“பதினேழு.”

காலடிச் சத்தம் பக்கத்தில் வந்து நின்றது.

“பதினேழு வயசுக் காலா இது? இப்படி வெடிச்சிருக்கு?”

டீச்சரம்மா முந்திக்கொண்டாள். “நடந்தே வந்தோம் சார்... செருப்பில்லாம.”

“என்னய்யா, இங்கேயும் காய்ச்சலா?” வாசலில் மேலதிகாரி. “போர்வையை விலக்கிப் பாரு!”

“தொத்துக் காய்ச்சல் மாதிரி தெரியுது சார். நீங்களே உள்ள வந்து பாருங்க.”

“சேச்சே! நான் வண்டியில இருக்கேன். நீ முடிச்சிட்டு வா.”

பூட்ஸ் சத்தம் வேகமாக விலகியது. கத்தரி குனிந்து போர்வையின் நுனியைப் பிடித்தார். சலூன்காரர் கண்களை இறுக மூடிக்கொண்டார். எல்லாம் முடிந்தது.

போர்வை கீழே இறங்கி அவர் காலை மூடியது. நரைத்த தலை வெளியே வந்தது.

“சலூன்காரரே,” கத்தரி காதோடு சொன்னார், “கடைசிக் கூடாரத்துலயும் ஒருத்தர் வேலைக்குப் போயிருக்காராம். பின்பக்கமா ஓடுங்க, நான் மெதுவா வர்றேன். அங்கேயாவது பெரிய போர்வையா கேட்டு வாங்குங்க.”