மூன்று வருஷம் கூப்பிடாத பெயர்

சோபாவில் என் மனைவி செங்கமலம், எதிரே மகன் அதியன், மேசையருகே நான். வீட்டைக் கவனித்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் சிஸ்டத்தில், வேண்டாததை அழிக்கும் கிளீனர் ஆப் ஒன்றை அதியன் வெளியிலிருந்து போட்டிருந்தான். மூன்று வருஷமாக யாரும் கூப்பிடாத பெயர்களையெல்லாம் அது துடைத்துவிட்டது. கோபித்துக்கொண்டு போன எங்கள் மகள் பூவிழியின் முகம், நம்பர், முகவரி எல்லாம் போயிற்று. முகம் பார்த்துத் திறக்கும் கதவு இனி அவள் வந்தாலும் திறக்காது.

“தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கிற சிஸ்டத்துக்கு வெளியாள் துடைப்பம் எதுக்குடா?” என்றாள் செங்கமலம்.

“குப்பைன்னு அதுதாம்மா சொல்லுச்சு.”

“நான் சொன்னேனா?” என்றாள் செங்கமலம்.

காகிதம் எடுத்து எழுதினேன்: “பூவிழி, பொங்கலுக்கு வா. கதவுக்கு உன்னை அடையாளம் தெரியாது. தட்டு, அம்மா வந்து திறப்பாள்.”

“முகவரிதான் இல்லையேப்பா” என்றான் அதியன்.

செங்கமலம் கதவு எண்ணிலிருந்து பின்கோடு வரை நிற்காமல் சொன்னாள். எழுதிக்கொண்டு, உறையை ஒட்டி, தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.