நுரையோடு வந்த சாட்சிகள்

எங்கள் அடுக்ககத்தின் மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்ததும் மோட்டாரைப் போட்டுவிடுவது, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு பழைய கருவி. அதற்குள் ஓடுவது லினக்ஸ், உலகெங்கும் பலர் சேர்ந்து எழுதும் இலவச இயங்குதளம். லினக்ஸில் இதுபோன்ற கருவிகளுக்கான பகுதியைக் கவனித்துக்கொள்ளும் ஹென்ரிக் என்பவர், அடுத்த பதிப்பிலிருந்து இந்தக் கருவிக்கான நிரலைத் தூக்கப்போவதாக, லினக்ஸுக்கு எழுதும் எங்கள் எல்லோருக்கும் மின்னஞ்சல் போட்டார். "உலகத்தில் யாருமே இதைப் பயன்படுத்துவதில்லை."

ஓய்வுபெற்ற நிரலாளனுக்குக் கோபம் வந்தால் பூமி தாங்குமா? நிரலில் இருந்த பழுதையெல்லாம் நீக்கி, 'பேட்ச்' எனும் திருத்தத்தை அனுப்பினேன். இனி இதற்கு நானே பொறுப்பு என்றும் எழுதினேன். ஹென்ரிக் அசரவில்லை. "நீங்கள் ஒருவர் போதாது. பயன்படுத்துபவர் வேறு யாராவது உண்டா?"

எல்லோரும் குளிக்கும் காலைவேளையாகப் பார்த்துக் கருவியை அணைத்தேன். தொட்டி வற்றும்வரை காபியை ரசித்துக் குடித்தேன்.

முதலில் வந்தவர் மூன்றாம் மாடி பொன்னுரங்கம். இடுப்பில் துண்டு, தலையில் இமயமலையை மூடுமளவு நுரை. அவருக்குப் பின்னால் மாடிப்படி நெடுக வெள்ளை வெள்ளையாய் ஒரு மாநாடே நின்றது.

"என்ன சார், தண்ணி நின்னுபோச்சு!"

"வரும், வரும். இந்தக் கருவி உங்களுக்கு வேணும்னு ஹென்ரிக்குக்கு ஒரு வரி எழுதிட்டுப் போங்க."

"யாரு சார் ஹென்ரிக்? எனக்குக் கண்ணெல்லாம் எரியுது!"

"அதையும் சேர்த்து எழுதுங்க" என்று விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினேன்.